ராணுவக் கட்டுப்பாட்டில் பட்டம் படித்தவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

அரபு மொழி படிக்க ஒரு பருவம், இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் இருக்கும் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், பீர்சைத் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். ராமல்லாவில் ஷேர் வேன் ஏறினால் சீக்கிரம் வந்துவிடலாம். நாப்லுஸ், ஜெனின் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கே கிடையாது. காலையில் கண் விழித்ததும் எந்தச் சோதனைச்சாவடி திறந்திருக்கிறது, எங்கே வண்டிகள் நிற்கின்றன என்று போனில் பார்க்கிறார்கள். அதற்கென்றே டெலிகிராம் குழுக்கள் இருக்கின்றன. ஒரு பையன் தேர்வு முடியும் நேரத்துக்கு வந்து சேர்ந்தான். ஆசிரியர் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. பையைத் திறந்து வேறொரு வினாத்தாளை எடுத்துக் கொடுத்தார். தயாராக வைத்திருந்திருக்கிறார்!

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் அங்கேயே படித்தவர். 1988 ஜனவரியில் ராணுவம் பல்கலைக்கழகத்தை மூடியபோது அவர் இரண்டாம் ஆண்டு. திரும்பத் திறந்தது 1992 ஏப்ரலில். மொத்தம் 51 மாதம். முதல் இன்திஃபாதா, அதாவது இஸ்ரேலுக்கு எதிரான பாலஸ்தீனர்களின் முதல் எழுச்சி நடந்த காலம் அது; மேற்குக் கரையிலும் காஸாவிலும் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் மூடினார்கள், கடைசியாகத் திறந்தது பீர்சைத். அந்த இடைவெளியில் ஆசிரியர்கள் வீட்டுக் கூடங்களிலும் வாடகை அறைகளிலும் பாடம் நடத்தினார்கள். ராணுவத்தின் கண்ணில் அதுவும் குற்றம். புத்தகத்தோடு பிடிபடக் கூடாது என்று இவர் காய்கறிப் பையின் அடியில் வைத்து எடுத்துப் போவாராம். "வேதியியல் எடுத்திருந்தேன். கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் ஆய்வகம் வைக்க முடியுமா? வரலாற்றுக்கு மாறிவிட்டேன்" என்று சிரித்தார். நாலு வருடப் பட்டத்தை வாங்கும்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

துப்பாக்கி ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதிகம் உறைத்தது காகித வேலைதான். 1980-ல் 854 என்று ஒரு ராணுவ ஆணை போட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி, ஆசிரியர் நியமனம், மாணவர் சேர்க்கை எல்லாம் ராணுவத் தளபதியின் கையெழுத்துக்குள் வந்தன. 1967-ல் இஸ்ரேல் இந்தப் பகுதியைப் பிடித்துக் கணக்கெடுப்பு நடத்தியபோது ஊரில் இல்லாத பாலஸ்தீனர்கள் வசிப்புரிமையை இழந்திருந்தார்கள். அதனால் அப்பா, தாத்தா பிறந்த ஊரில் பாடம் நடத்தவே ஒருவர் 'வெளிநாட்டவர்' என்று அனுமதி கேட்க வேண்டும். 1982-ல் அப்படிப்பட்ட ஆசிரியர்களிடம் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கு ஆதரவு தரமாட்டேன் என்று உறுதிமொழி எழுதித் தரச் சொன்னார்கள். மறுத்தவர்கள் பலர் நாடு கடத்தப்பட்டார்கள்.

பீர்சைத் பல்கலைக்கழகத்தின் தலைவரையே அதற்கு முன்பே நாடு கடத்திவிட்டார்கள் என்பது வேறு கதை. ஹன்னா நாசிரை 1974 நவம்பரில் லெபனான் எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் அம்மானில் இருந்தபடியே தலைவர் பொறுப்பில் நீடித்து, 1993-ல்தான் ஊர் திரும்பினார்.

---

இப்படிப்பட்ட இடத்தில் ஏன் கஷ்டப்பட வேண்டும், வெளிநாட்டில் போய்ப் படிக்கலாமே? குதர்க்கமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

---

மேலே கேட்டவருக்கு: நான் பினாங்கு. என்னோடு ஒரே வீட்டில் இருந்த காஸா நண்பர் அப்படி வந்தவர்தான், பொறியியல் முதுகலை. முதல் வருடம் கிடைத்த இடம் போய்விட்டது. எகிப்துக்குப் போகும் ரஃபா எல்லை திறக்கக் காத்திருந்து, பெயர் பட்டியலில் வந்தபோது இங்கே பருவம் தொடங்கிப் பல வாரமாகிவிட்டது. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்து வந்தார். வந்த பிறகு விடுமுறைக்கு ஊருக்குப் போகவே இல்லை. போனால் திரும்ப வெளியே வர முடியுமா என்ற பயம்.

சரி, வெளிநாடு வேண்டாம், பக்கத்திலிருக்கும் மேற்குக் கரைக்குப் போகலாமே என்றால் அதுவும் இல்லை. 2000-லிருந்து காஸா மாணவர்கள் அங்கே போய்ப் படிக்க இஸ்ரேல் பொதுவாகத் தடை போட்டிருக்கிறது. 2009 அக்டோபரில் பெத்லகேம் பல்கலைக்கழக மாணவி ஒருவரை, பட்டம் முடிக்கச் சில வாரங்களே இருந்த நேரத்தில், சோதனைச்சாவடியில் நிறுத்தி, அடையாள அட்டையில் காஸா முகவரி இருந்ததற்காகக் கையில் விலங்கிட்டுக் கண்ணைக் கட்டி, அன்றிரவே காஸாவில் கொண்டுபோய் விட்டார்கள். உச்ச நீதிமன்றமும் திரும்ப அனுமதிக்கவில்லை. மிச்சப் பாடத்தை ஆசிரியர்கள் தொலைவிலிருந்தே நடத்தி முடித்துக் கொடுத்தார்கள்.

என் நண்பர் காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்தவர். 2023 அக்டோபரில் அதன்மேல் குண்டு விழுந்தது. டிசம்பரில் அதன் தலைவர் சுஃப்யான் தாயே குடும்பத்தோடு கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் அல் இஸ்ரா பல்கலைக்கழகக் கட்டடத்தை ராணுவம் வெடிவைத்துத் தகர்த்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்போம். அதே சமயம் இவர் முனைவர் படிப்புக்கு ஓரிடத்தில் விண்ணப்பித்திருந்தார். இளங்கலை மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே மூடிய உறையில் நேரடியாக அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. அவர் இடிபாட்டின் படம் ஒன்றை இணைத்து, "அனுப்ப வேண்டிய அலுவலகம் இதுதான்" என்று எழுதினார். அப்புறம் பழைய ஆசிரியர்கள் இருவர் மின்னஞ்சலில் சான்று கொடுத்து அது ஒரு வழியாக ஓடியது. விதியைத் தளர்த்த அந்த ஒரு வரி தேவைப்பட்டது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

---

சட்டப் பக்கம் சின்னதாக ஒன்று. நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 50-வது பிரிவு, ஆக்கிரமித்த நாடு குழந்தைகளின் கல்வி நிலையங்கள் ஒழுங்காக நடக்க உதவ வேண்டும் என்கிறது. குழந்தைகளோடு நின்றுவிடுகிறது, பதினெட்டு தாண்டியவருக்கு அதில் இடமில்லை. உயர்கல்வியைப் பேசுவது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 13-வது பிரிவு. இஸ்ரேல் 1991-ல் அதை ஏற்றது, ஆனால் ஆக்கிரமித்த பகுதிக்குப் பொருந்தாது என்று வாதாடியது. பொருந்தும் என்று 2004-ல் சர்வதேச நீதிமன்றம், மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய சுவர் பற்றிய வழக்கில் கருத்துச் சொல்லிவிட்டது.

---

நான் மதுரை, கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். 2024 நடுவில் காஸா பல்கலைக்கழகங்கள் இணையவழியில் பாடத்தைத் திரும்பத் தொடங்கிய பிறகு, தெரிந்தவர் மூலம் சில மாணவிகளுக்குக் கணிதத்தை ஆங்கிலத்தில் டியூஷன் மாதிரி எடுத்தேன். நேரலை வகுப்பு என்பது முதல் வாரமே கைவிடப்பட்டது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கோ, இ-சிம் வைத்திருப்பவர் கூடாரத்துக்கோ போய்த்தான் இறக்கிக்கொள்வார்கள். வீடியோ பெரிதாக இருந்தால் இறங்காது. ஐந்து நிமிட ஒலிப்பதிவு, கையால் எழுதிய இரண்டு பக்கப் படம், இதுதான் என் பாடத்திட்டம். யாராவது சோலார் பலகை வைத்திருந்தால் காசு கொடுத்து சார்ஜ் ஏற்றிக்கொள்வார்கள்.

ஒருத்தி விடைத்தாளை அனுப்பிவிட்டு, ஏழாம் கணக்கில் பாதி மதிப்பெண் ஏன் குறைத்தீர்கள் என்று என்னோடு சண்டை போட்டாள். வழிமுறை சரி, விடையில் பின்னம் தப்பு என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. பாவம் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போதைக்குக் கணிதம் சமாளிக்கிறேன். கணக்குப் பதிவியலும் ஆங்கில இலக்கணமும் கேட்கிறார்கள், எனக்கு இரண்டும் வராது. நமக்கும் அவர்களுக்கும் கோடையில் இரண்டரை மணி நேர வித்தியாசம்தான், சாயங்காலத்தில் பதிவு அனுப்பினால் போதும். முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.