டெஸ்க்டாப் மதர்போர்டில் விண்டோஸ் சர்வர்: டிரைவர் ஏற்றிய அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டில் விண்டோஸ் சர்வர் போட்டு வேலை வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த அனுபவங்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால் பலருக்கும் உதவும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பார்க்கும் இடங்கள் பெரும்பாலும் சிறிய அலுவலகங்கள். ஆடிட்டர் அலுவலகம், மருந்து மொத்த வியாபாரம் மாதிரி. தனியாக ஒரு சர்வர் வாங்க அங்கே பணம் ஒதுக்குவது அரிது. நல்ல டெஸ்க்டாப் போர்டு, கொஞ்சம் கூடுதல் ரேம், இரண்டு எஸ்எஸ்டி, அதன்மேல் விண்டோஸ் சர்வர் 2019 என்றுதான் முடிவாகும். டேலி டேட்டாவும் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டர்களும் அதில் இருக்கும்.

அப்படி ஓர் இடத்தில் இன்டெல் பி360 சிப்செட் போர்டு. இன்ஸ்டால் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. உள்ளே போனால் நெட்வொர்க் மட்டும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் ஈதர்நெட் கன்ட்ரோலர் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கிறது. போர்டோடு வந்த டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) விண்டோஸ் 10-க்கு மட்டும். இன்டெல் தளத்திலிருந்து இறக்கிய முழுத் தொகுப்பை ஓட்டினால், இந்தக் கணினியில் இன்டெல் அடாப்டர் எதுவும் இல்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது. சிப் கண்ணெதிரே போர்டில் இருக்கிறது.

அது இன்டெலின் ஐ219-வி என்ற நெட்வொர்க் சிப். இதற்கு ஐ219-எல்எம் என்று ஓர் இணை உண்டு. எல்எம், அலுவலகக் கணினிகளில் வரும் நிர்வாக வசதிகளோடு வேலை செய்வது. வி, வீட்டுக் கணினிகளுக்கானது. இரண்டுக்கும் டிரைவர் கோப்பு ஒன்றே. சர்வருக்கான ஆதரவுப் பட்டியலில் எல்எம் இருக்கிறது, வி இல்லை.

நான் போன வழி இது. முதலில் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டேன். சர்வர் அதை எந்த டிரைவரும் கேட்காமல் நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும், அவசரத்துக்கு அதுவே போதும். அப்புறம் இன்டெல் தொகுப்பை ஓட்டாமல் ஒரு ஃபோல்டரில் பிரித்து வைத்தேன். டிவைஸ் மேனேஜரில் அந்த ஈதர்நெட் கன்ட்ரோலர் மேல் வலது கிளிக், அப்டேட் டிரைவர், கணினியில் தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன், ஹேவ் டிஸ்க். அங்கே புரோ1000 ஃபோல்டருக்குள் வின்எக்ஸ்64, அதற்குள் என்டிஐஎஸ்68. இது சர்வர் 2019-க்கு. சர்வர் 2016 என்றால் என்டிஐஎஸ்65. பொருத்தமானவற்றை மட்டும் காட்டு என்ற டிக்கை எடுத்துவிட்டால் முழுப் பட்டியலும் வரும். அதில் ஐ219-எல்எம் தேர்ந்தெடுத்தேன். இந்த வன்பொருளுக்கு இது பொருந்தும் என்று உறுதி செய்ய முடியவில்லை, பரிந்துரைக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தது. ஆம் கொடுத்ததும் லேன் விளக்கு எரிந்தது.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, எந்தக் கோப்பையும் திருத்தவில்லை, டிஜிட்டல் கையொப்பத்தில் கை வைக்கவில்லை, செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளோடு கணினி தொடங்காமல் தடுக்கும் வசதி) இருந்தபடியே இருக்கிறது. டிரைவரின் புதிய பதிப்பு போடும்போது மட்டும் அதே படிகளைக் கையால் திரும்பச் செய்ய வேண்டும்.

மறுமொழி: நெட்வொர்க் பாடம் நடத்துபவர்

அண்ணா, அருமையாகச் சொன்னீர்கள். சிப் கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று ஏன் சொல்கிறது என்பதை நான் மாணவர்களுக்கு டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் கோப்பைத் திறந்து காட்டித்தான் சொல்லிக்கொடுப்பேன். நோட்பேடில் திறக்கும் வெறும் எழுத்துக் கோப்பு அது.

டிரைவர் என்று நாம் சொல்வது மூன்று துண்டுகள். வேலை செய்யும் எஸ்ஒய்எஸ் கோப்பு, எந்த வன்பொருளுக்கு எதைப் போடுவது என்று சொல்லும் ஐஎன்எஃப், இரண்டும் யாராலும் மாற்றப்படவில்லை என்று உறுதி சொல்லும் கேட்டலாக். ஐஎன்எஃப்பில் மேனுஃபேக்சரர் என்ற பகுதியில் என்டிஏஎம்டி64.10.0.1 என்றும் என்டிஏஎம்டி64.10.0 என்றும் இரண்டு பெயர்கள் இருக்கும். கடைசியில் வரும் அந்த 1-ஐக் கவனியுங்கள். விண்டோஸ் தன் வகையை ஓர் எண்ணால் வைத்திருக்கிறது: 1 என்றால் பணிநிலையம், அதாவது விண்டோஸ் 10 போன்றவை. 2 டொமைன் கன்ட்ரோலர். 3 சர்வர். ஆகவே .1 என்று முடியும் பகுதியில் எழுதியிருப்பவை சர்வரின் கண்ணுக்கே படாது. ஐ219-வி-யின் வரிகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. எண் போடாத பொதுப் பகுதியில் எல்எம் இருக்கிறது.

பி360 போர்டில் இருக்கும் ஐ219-வி-யின் டிவைஸ் எண் 15பிசி. பழைய 100, 200 வரிசை போர்டுகளில் 15பி8. டிவைஸ் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடி என்று தேர்ந்தெடுத்தால் இது தெரியும். அந்த எண்ணை ஐஎன்எஃப்பில் தேடினால் எந்தப் பகுதிக்குள் இருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிடலாம். டிரைவர் ஏறாத எந்த வன்பொருளுக்கும் நான் முதலில் செய்வது இதுதான். சர்வர் 2019-ம் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பும் 17763 என்ற ஒரே பில்டு, கெர்னல் ஒன்றேதான். அப்படியிருந்தும் அந்த ஒரு இலக்கம் வாசலில் நிறுத்திவிடுகிறது.

மறுமொழி: வீட்டில் லேப் வைத்திருப்பவர்

ஐஎன்எஃப்பைத் திருத்தியே ஏற்றியவன் நான். சர்வர் 2016, 15பி8 சிப். கன்ட்ரோல்ஃபிளாக்ஸ் பகுதிக்குக் கீழே இருந்த எக்ஸ்க்ளூட்ஃப்ரம்செலக்ட் வரிகளை (தேர்வுப் பட்டியலில் காட்டாதே என்று சொல்பவை) எடுத்துவிட்டு, .1 பகுதியில் இருந்த 15பி8 வரிகளைப் பொதுப் பகுதிக்கு நகலெடுத்தேன். திருத்திய மறுநொடியே கேட்டலாகோடு பொருந்தாமல் போகும், கோப்பு சேதமடைந்திருக்கலாம் அல்லது யாரோ மாற்றியிருக்கலாம் என்று விண்டோஸ் மறுத்துவிடும். அது மறுப்பதுதான் சரி.

எனவே பிசிடிஎடிட் கட்டளையால் டெஸ்ட்சைனிங்கை (முறையான கையொப்பம் இல்லாத டிரைவரையும் ஏற்கும் சோதனை நிலை) ஆன் செய்து, மறுதொடக்கம் செய்து, டிரைவரை ஏற்றி, மறுபடி ஆஃப் செய்தேன். அதன் பிறகும் டிரைவர் ஒழுங்காக ஏறி வேலை செய்கிறது. நாம் தொட்டது ஐஎன்எஃப்பை மட்டும்தான், எஸ்ஒய்எஸ் கோப்புக்குள் இருக்கும் கையொப்பம் அப்படியே இருக்கிறது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தால் டெஸ்ட்சைனிங் கட்டளையே எடுபடாது. பயாஸில் போய் செக்யூர் பூட்டை அணைத்தால், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்களிடம் அடுத்த பூட்டில் ரெகவரி கீ கேட்க வாய்ப்பு உண்டு. அந்த நீண்ட எண் கையில் இல்லாமல் பயாஸுக்குள் போகாதீர்கள்.

மறுமொழி: அலுவலக சர்வர்களைப் பராமரிப்பவர்

தம்பி, வீட்டு லேபுக்கு நீங்கள் சொன்னது நல்ல பயிற்சி. அதையே கணக்கு வழக்கு ஓடும் சர்வரில் செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த இயந்திரத்தை நாளை வேறொருவர் பார்க்க வருவார். யாரோ கையால் திருத்திய டிரைவர் உள்ளே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சர்வர் 2016-இலிருந்து மைக்ரோசாஃப்ட் சர்வருக்கான விதியை டெஸ்க்டாப்பைவிடக் கடுமையாக வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் தானே உறுதிமொழி கொடுத்து வாங்கும் கையொப்பம் விண்டோஸ் 10-க்குப் போதும், சர்வருக்கு சோதனைகளில் தேறிய டிரைவர் வேண்டும். பத்துப் பேரின் வேலை ஒரு பெட்டியை நம்பி இருக்கும் இடத்தில் அந்தக் கடுமை எனக்கு நியாயமாகவே படுகிறது.

நான் செய்வது எளிது. ஐ210 சிப் உள்ள ஒரு தனி லேன் கார்டு வாங்கிப் போட்டுவிடுவேன். சர்வர் பட்டியலில் இருக்கும் சிப் அது. போர்டில் இருக்கும் லேனை பயாஸிலேயே அணைத்துவிடுவேன், மஞ்சள் குறியும் போய்விடும். கார்டு வாங்கும்வரை தொடக்கப் பதிவில் சொன்ன எல்எம் வழி போதுமானது.

மறுமொழி: ஏஎம்டி போர்டில் போட்டவர்

ரைசன் போர்டில் கதை வேறு. நெட்வொர்க் ரியல்டெக் 8125, 2.5 கிகாபிட். சர்வர் 2019 அதைத் தானாக எடுக்கவில்லை. ஆனால் ரியல்டெக்கின் விண்டோஸ் 10 டிரைவரில் உள்ள ஐஎன்எஃப்பைக் காட்டியதும் மறுப்பே இல்லாமல் ஏறியது. மேலே சார் சொன்னதை இப்போது படித்தபின் காரணம் புரிகிறது, அதில் .1 என்ற தடுப்பு இல்லை.

சிப்செட் டிரைவர்தான் சுற்றவைத்தது. அதன் இன்ஸ்டாலர் சர்வர் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது. ஆனால் நிற்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சி டிரைவில் ஏஎம்டி என்ற ஃபோல்டரில் பிரித்து வைத்துவிடுகிறது. அந்த ஃபோல்டரைக் காட்டி, டிரைவர்களை ஏற்றும் பிஎன்பியூட்டில் கட்டளையை ஆட்-டிரைவர், சப்டிர்ஸ், இன்ஸ்டால் என்ற மூன்று சொற்களோடு ஓட்டினேன். உள்ளே இருக்கும் எல்லா ஐஎன்எஃப்பையும் எடுத்துக்கொண்டு, பொருந்தும் வன்பொருளுக்கு மட்டும் போட்டுவிடும். எஸ்எம் பஸ் கன்ட்ரோலர், பிசிஐ என்கிரிப்ஷன் கன்ட்ரோலர் என்று நின்றிருந்த மஞ்சள் குறிகள் எல்லாம் போயின.

இன்டெல் பக்கம் சிப்செட் டிரைவர் போடவில்லை என்று கவலைப்படுபவர்களுக்கு ஒன்று. அந்தத் தொகுப்பு பெரும்பாலும் வன்பொருளுக்குச் சரியான பெயர் கொடுக்கும் ஐஎன்எஃப்கள்தான். அதில் பல டிரைவர்களின் தேதி 18 ஜூலை 1968 என்று இருக்கும். கோளாறு இல்லை. இன்டெல் தொடங்கப்பட்ட நாள் அது. வேறு நல்ல டிரைவர் ஏற்கெனவே இருந்தால் அதை இது மிதித்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே பழைய தேதி வைத்திருக்கிறார்கள். அப்படி யோசித்த பொறியாளர்களை நான் மெச்சுகிறேன்.

மறுமொழி: பிராக்ஸ்மாக்ஸ் பயன்படுத்துபவர்

அடியில் பிராக்ஸ்மாக்ஸ் மாதிரி மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லினக்ஸ் போட்டு, விண்டோஸ் சர்வரை அதன்மேல் மெய்நிகர் கணினியாக ஓட்டினால் இந்தப் பிரச்சினையே எழாது. லினக்ஸின் இ1000இ டிரைவர் எல்எம், வி என்று பேதம் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு, மெய்நிகர் வன்பொருளுக்கான விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவில் 2கே19, 2கே22 என்று சர்வர் பதிப்புக்கு ஒரு ஃபோல்டரே இருக்கிறது. பேக்கப் எடுப்பதும் சுலபம். லினக்ஸ் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத அலுவலகத்தில் மட்டும் இதைச் செய்யத் தயங்குவேன்.

மறுமொழி

வைஃபை, ஆடியோ பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் ஏறியும் வைஃபை வரவில்லை என்றால் சர்வர் மேனேஜரில் ஒயர்லெஸ் லேன் சர்வீஸ் என்ற ஃபீச்சரைச் சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள். சர்வர் 2025-இல் அது முன்கூட்டியே இருக்கிறது. ஒலிக்கு, சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் ஆடியோவை ஆட்டோமேட்டிக் ஆக்கினால் போதும்.

மறுமொழி: சர்வர் கோர் போட்டவர்

தொடக்கப் பதிவின் எல்எம் வழி சர்வர் கோரில் (வழக்கமான டெஸ்க்டாப் திரை இல்லாமல் கட்டளைகளால் ஓடும் வகை) அப்படியே நடக்காது. அங்கே டிவைஸ் மேனேஜர் இல்லை. பிஎன்பியூட்டில், பொருந்தும் எண் ஐஎன்எஃப்பில் இருந்தால்தான் போடும், வேறொன்றின் டிரைவரை வலிந்து போடச் சொல்ல வழியில்லை. வேறு கணினியின் டிவைஸ் மேனேஜரிலிருந்து இணைக்கவும் முடியாது, சர்வர் 2012-இலிருந்து அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

சர்வர் 2019-இலிருந்து இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆப் கம்பாட்டிபிலிட்டி என்ற கூடுதல் தொகுப்பைத் தனி ஐஎஸ்ஓவாகத் தருகிறார்கள். அதை வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து டிசம் கட்டளையால் சேர்த்து மறுதொடக்கம் செய்தால், கோரிலேயே டிவைஸ் மேனேஜர் திறக்கும். அதன் பிறகு அண்ணன் சொன்ன அதே படிகள்தான்.