சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது: 5.1 போதுமா, 7.1 போடலாமா?

புதுச்செவி:
வணக்கம். ஹாலில் ஹோம் தியேட்டர் அமைத்துக்கொண்டிருக்கிறேன். ஹால் 16 அடிக்கு 12 அடி. நீளச் சுவரில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. இடது பக்கம் முழுக்க ஜன்னல். வலது பக்கம் சுவரே இல்லை, சாப்பாட்டு மேஜை இருக்கும் இடத்தோடு சேர்ந்தே திறந்து கிடக்கிறது. இப்போது இருப்பவை ஒரு 7.1 ரிசீவர் (ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் இணைக்கக்கூடிய பெட்டி; 5.1 என்றால் ஐந்தும் ஒன்றும்), முன்பக்க இடது-வலது ஜோடி, நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர், பேஸுக்கென ஒரு சப்வூஃபர். சென்டர் டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் உள்ளே தள்ளி இருக்கிறது.

படத்தில் பேசுவது புரியவில்லை. ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியில் ஏதாவது வெடித்து, தூங்குகிற குழந்தை எழுந்துவிடுகிறது. விற்பனையாளரோ, "இன்னும் நாலு ஸ்பீக்கர் வாங்கிப் போடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். வாங்கலாமா?

குறுக்கலை:
வாங்காதீர்கள் சார். வசனம் பெரும்பாலும் வருவது சென்டரிலிருந்து. அது சரியில்லாதபோது பின்னால் எத்தனை ஸ்பீக்கர் மாட்டினாலும் வசனம் தெளியாது. அதோடு, 7.1-ல் கூடுதலாக வரும் இரண்டும் உங்கள் தலைக்குப் பின்னால், நேர் முன்னே சுழியம் என்று கொண்டால் 135 முதல் 150 டிகிரி கோணத்தில் நிற்க வேண்டியவை. உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது சுவர். ரிசீவரில் இடம் இருக்கிறது என்பதற்காக அதை நிரப்ப வேண்டியதில்லை.

முதலில் சென்டரைத் தட்டின் விளிம்பு வரை, முடிந்தால் ஒரு விரல் வெளியே நீட்டியபடி, இழுத்து வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் சுற்றியிருக்கும் பலகையில் பட்டு, ஆண் குரலெல்லாம் பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். ஸ்டாண்ட் தாழ்வாக இருந்தால் முன்பக்க அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, ஸ்பீக்கரின் முகத்தை உங்கள் காதை நோக்கித் தூக்கிவிடுங்கள். அப்புறம் ரிசீவரில் சென்டர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். இரவு நேரத்துக்கு டைனமிக் ரேஞ்சை, அதாவது மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை, குறைக்கும் வசதி பல ரிசீவர்களில் உண்டு. குழந்தை இருக்கும் வீட்டில் கூச்சப்படாமல் போடலாம். ஒலிச் சுத்தம் பேசுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அடுத்தது சோபா. டிவிச் சுவருக்கும் சோபாச் சுவருக்கும் நடுவே 12 அடி என்றால் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 94 ஹெர்ட்ஸிலும் நிலையலை (சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பி, சில இடங்களில் மட்டும் ஓங்கி நிற்பது) உண்டாகும். சுவரை ஒட்டித் தலை வைத்தால் இரண்டும் உச்சத்தில் கேட்கும். 94 என்பது ஆண் குரலின் அடிப்பகுதி வரும் இடம், வசனம் குழம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். காது சுவரிலிருந்து 2 அடி முன்னால் வந்தால் அந்த 94-ன் அழுத்தம் பாதியாகும். 47 அதிகம் குறையாது, அதை சப்வூஃபரின் இடத்தை மாற்றித்தான் பார்க்க வேண்டும். உங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, தரையோடு தவழ்ந்து பாருங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நடுசுருதி:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சோபா முன்னே வந்தால் முன்பக்க ஜோடிக்கும் உங்களுக்கும் 9 அடி இருக்கும். அப்போது அவை இரண்டுக்கும் நடுவே ஏழரை அடியிலிருந்து பத்து அடி வரை இடைவெளி விடுங்கள். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று போட்டு, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், அதற்குக் கீழான பேஸ் சப்வூஃபருக்குப் போய்விடும்.

புதுச்செவி:
சென்டரை வெளியே இழுத்ததிலேயே வித்தியாசம் தெரிகிறது. சோபாவை ஒன்றரை அடிக்கு மேல் நகர்த்த முடியாது, பின்னால் நடக்க வழி வேண்டும். பக்கவாட்டில் வைக்கும் சரவுண்ட் ஜோடியாவது வாங்கலாமா? வலது பக்கம்தான் சுவர் இல்லையே?

குறுக்கலை:
ஒன்றரை அடியும் நல்லதுதான். சரவுண்ட் ஒரு ஜோடி தாராளமாகப் போடலாம், 5.1 உங்கள் ஹாலுக்கு நிறைவான அமைப்பு. 90 முதல் 110 டிகிரி, காதுக்குச் சற்று மேலே. வலது பக்கம் உயரமான ஸ்டாண்டில் நிறுத்துங்கள், இடது பக்கமும் அதே உயரத்தில் ஸ்டாண்டிலேயே வையுங்கள். ஒன்று சுவரில், ஒன்று வெட்டவெளியில் என்றால் இரண்டும் ஒரே மாதிரி கேட்காது. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் கண்ணாடியின் எதிரொலியும் அடங்கும். நடமாடும்போது யாரும் தடுக்கிவிடாமல் ஸ்டாண்டுக்குப் போகும் வயரைத் தரையோரமாக ஒட்டிவிடுங்கள்.

நடுசுருதி:
ஒரு சந்தேகம். டிவியிலிருந்து ரிசீவருக்கு எந்த வயர்? படம் ஓடும்போது ரிசீவர் திரையில் என்ன எழுத்து வருகிறது?

புதுச்செவி:
எச்டிஎம்ஐ வயர், ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கும் துளையில். திரையில் 'ஸ்டீரியோ' என்று இருக்கிறது.

நடுசுருதி:
அதுதான் சார். ஸ்டீரியோ என்றால் இடது, வலது என இரண்டு தடம்தான் வருகிறது. உங்கள் சென்டருக்கு எதுவுமே போகவில்லை, அல்லது முன்பக்க இரண்டையும் கலந்து ரிசீவர் தானாகச் செய்த ஒன்றுதான் போகிறது. டிவி அமைப்பில் ஒலி வெளியீடு 'பிசிஎம்' (டிவியே ஒலியைப் பிரித்து அனுப்புவது) என்று இருக்கலாம். அதை 'பிட்ஸ்ட்ரீம்' (படத்தின் ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) அல்லது 'ஆட்டோ' ஆக்குங்கள். படத்தில் 5.1 ஒலித்தடத்தையும் தேர்ந்தெடுங்கள். ரிசீவர் திரையில் 'டால்பி' என்று வந்த பிறகு சென்டர் அளவை மறுபடி சுழியத்துக்குக் கொண்டுவந்து கேட்டுப் பாருங்கள். ஏற்றிய 3 டெசிபல் ஒருவேளை தேவைப்படாமலே போகலாம்.