ஸ்கேலபிலிட்டியை நிர்வாகக் குழுவுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி:
வணக்கம். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். மற்ற நாள்களில் ஒழுங்காக இயங்கும் எங்கள் இணையச் சேவை, சம்பளம் வரும் முதல் தேதியன்று உறுப்பினர்கள் ஒருசேர நுழைவதால் திணறிப்போகிறது. "போன வருடம்தானே பெரிய சர்வர் வாங்கினோம்?" என்று நிர்வாகக் குழுவினர் கேட்கிறார்கள். கணக்கு வழக்கில் பழுத்த அனுபவம் உள்ளவர்கள். கணினிச் சொற்கள்தான் பழக்கமில்லை. கூட்டம் பெருகினாலும் திணறாமல் ஈடுகொடுக்கும் திறன்தான் ஸ்கேலபிலிட்டி என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்லலாம்?

பதில் 1:
கல்யாணச் சமையலைக் கொண்டு விளக்குங்கள். சமையல்காரர் ஒருவரிடம் இன்னும் பெரிய அண்டாவைக் கொடுப்பதுதான் பெரிய சர்வர் வாங்குவது. அண்டாவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதால், ஒரு கட்டத்துக்குமேல் அடுப்புகளையும் ஆட்களையும் கூட்டியாக வேண்டும். ஆனால் பத்துச் சமையல்காரர்கள் வந்த பிறகும், அரிசியும் பருப்பும் இருக்கும் உக்கிராண அறையின் சாவி ஒருவர் இடுப்பிலேயே இருந்தால், பத்துப் பேரும் அவர் வாசலில்தான் நிற்பார்கள். பல கணினி அமைப்புகளில் அந்தச் சாவிக்காரர், எல்லாத் தகவல்களையும் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்திலிருந்து பிறந்த விதியும் இதையே சொல்கிறது: வேலையில் பத்தில் ஒரு பங்கை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்றால், எத்தனை பேரைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது.

பதில் 2:
சாவிக்காரரை ஏன் இருவராக்கக் கூடாது என்று குழுவில் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு ரயில் தட்கல் முன்பதிவைச் சொல்லுங்கள். ஒரே படுக்கையை இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதால், அந்தப் படுக்கைக்கான கணக்கு ஓரிடத்தில்தான் முடிவாக வேண்டும். ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று 2015-இல் நேரத்தைப் பிரித்ததே நெரிசலைப் பகிர்ந்துவிடுகிறது. உங்களிடம் இருப்பை மட்டும் பார்க்க வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு டேட்டாபேஸின் நகலிலிருந்து பதில் கொடுத்தால், தவணை கட்டுகிறவர்கள் மட்டுமே சாவிக்காரரிடம் போவார்கள்.

கேட்டவர்:
எண்ணிப் பார்த்தேன், பெரும்பாலோர் இருப்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் தவணை கட்டிய கையோடு பார்ப்பவருக்கு நகலில் பழைய தொகை தெரிந்தால், பணம் எங்கே போயிற்று என்று பதறமாட்டாரா?

பதில் 2:
பதறுவார், நகல் சில நொடிகள் பின்தங்கலாம். அதனால் தவணை கட்டியவருக்கு மட்டும் அடுத்த சில நிமிடங்களுக்கு அசலிலிருந்தே இருப்பைக் காட்டுங்கள். இதையும் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.