பாறைப் பாதையில் ஜிம்னி: அடிப்பாகம் முழுவதும் தகடு போட வேண்டுமா?

கேள்வி: காப்பித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்கு அருகே எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து தோட்டத்து வீடு வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் அரித்துப் போய், தை மாதம் பழம் எடுக்கும் வேளையில் பாறை முண்டுகள்தான் மிஞ்சி நிற்கும்.

2023-இல் வாங்கிய ஐந்து கதவு ஜிம்னியைத்தான் (மாருதி சுசுகியின் சிறிய ஜீப் வகை வண்டி) ஓட்டுகிறேன். தானியங்கி கியர் உள்ளது. சென்ற வாரம் ஒரு மேட்டைக் கடக்கும்போது வண்டியின் வயிறு பலமாக இடித்தது. கீழே படுத்துப் பார்த்ததில், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பெட்டி) கீழுள்ள குறுக்குச் சட்டத்தில் ஆழமான கீறலும், பின் ஆக்சிலில் ஷாக் அப்சார்பரைப் பொருத்தியிருக்கும் இடத்தில் ஒரு நசுங்கலும் தெரிந்தன. எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்துப் பட்டறையில், முன் பம்பரிலிருந்து பெட்ரோல் டேங்க் வரை 5 மி.மீ. இரும்புத் தகட்டை ஒரே விரிப்பாக அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். தகடே வேண்டாம், சஸ்பென்ஷனை 2 அங்குலம் உயர்த்தினால் போதும் என்பது என் மைத்துனரின் வாதம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: மேடுபள்ளம்

நண்பரே, உங்கள் வண்டியில் விழுந்த இரண்டு அடிகளும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. ஒரே மருந்து இரண்டுக்கும் பொருந்தாது.

குறுக்குச் சட்டத்தில் பட்டது, முன் சக்கரம் மேட்டைத் தாண்டிய பிறகு நடு வயிறு இறங்கி உட்கார்ந்ததால் நேர்ந்தது. ஐந்து கதவு ஜிம்னியின் சக்கர இடைவெளி 2,590 மி.மீ.; மூன்று கதவு வண்டிக்கு அது 2,250 மி.மீ. தான். நீளம் கூடியதால் நடுவில் தட்டும் வாய்ப்பும் கூடுகிறது. சஸ்பென்ஷனை உயர்த்தினால் இந்த இடம் உயரும் என்பதால், அந்த அளவுக்கு உங்கள் மைத்துனர் சொல்வது சரிதான்.

ஆனால் பின் ஆக்சிலில் விழுந்த நசுங்கலை அது தடுக்காது. முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதாவது இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே தண்டு, உள்ள வண்டி இது. ஆக்சிலும், அதில் தொங்கும் தாங்கிகளும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும், நாம் 'கிரவுன்' என்று சொல்லும் டிஃபரன்ஷியல் குடமும் சக்கரத்தோடுதான் நகரும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அவை தரையிலிருந்து ஒரு மி.மீ. கூட மேலே வரமாட்டா. டயரின் விட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி, அதிலும் பலன் சொற்பம்: கம்பெனி அளவான 195/80 ஆர்15-இலிருந்து 215/75 ஆர்15-க்கு மாறினால் விட்டம் சுமார் 10 மி.மீ. கூடும், ஆக்சில் உயர்வதோ 5 மி.மீ. மட்டுமே. அகலம் 1,645 மி.மீ. மட்டுமே உள்ள ஒரு வண்டியைச் சரிவான மலைப்பாதைக்காக உயரமாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து எடைக் கணக்கைப் பாருங்கள். 5 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 39 கிலோ இருக்கும். நீங்கள் சொல்லும் விரிப்பு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 60 கிலோவை நெருங்குகிறது. உங்கள் வண்டியின் வெற்று எடை சுமார் 1,210 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. ஆக நீங்கள் ஏற்றக்கூடியது 335 கிலோ. அதில் மூன்று ஆட்களும் தகடும் போனால், காப்பி மூட்டை ஒன்றரைக்குத்தான் இடம் மிஞ்சும். தோட்டக்காரருக்கு இது கட்டுப்படியாகுமா?

பதில் 2: பட்டறைவாசி

மேலே சொன்னதை ஏற்கிறேன். செய்முறை பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இருபது ஆண்டுகளாக ஜீப்புகளுக்கு அடியில் படுத்தே காலம் போயிற்று.

முழு விரிப்பு வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழே ஒரு தகடு, ஆக்சில் தாங்கிகளின் முன்பக்கத்தில் சறுக்கிச் செல்லும்படி சாய்வாக வளைத்த சிறு கவசங்கள், இவை போதும். நடுத்தகட்டுக்கு 6 மி.மீ. அலுமினியம் போட்டால் சதுர மீட்டருக்கு 16 கிலோதான் வரும். ஆனால் அலுமினியம் மென்மையானது, முழு எடையோடு பாறையில் உரசினால் அரைபட்டுப் பற்றிக்கொள்ளும், இரும்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். எப்போதாவது தட்டும் வண்டிக்கு அலுமினியம் நல்லது. வாரந்தோறும் உரசும் வண்டிக்கு 3 அல்லது 4 மி.மீ. இரும்பையே நான் பரிந்துரைப்பேன். அலுமினியம்தான் என்று முடிவு செய்தால், அது சேசியின் இரும்போடு நேரடியாகத் தொடாமல் ரப்பர் அல்லது நைலான் வாஷர் கொடுங்கள். இரு உலோகங்களும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிப்பு விரைவாகும்.

எந்தத் தகட்டையும் சேசியோடும் குறுக்குச் சட்டத்தோடும்தான் பிணைக்க வேண்டும். எஞ்சின் மீதோ கியர்பாக்ஸ் மீதோ முடுக்கினால், பாறையின் அடி நேராக வார்ப்பு உறைக்குப் போகும். தகடு நெளிவதற்குப் பதிலாக உறை வெடிக்கும். இடையில் விரல் நுழையும் அளவாவது இடைவெளி இருக்கட்டும். போல்ட் தலைகள் தகட்டின் மட்டத்துக்கு மேல் துருத்தினால் முதல் பாறையே அவற்றைச் சீவிவிடும், பிறகு தகட்டைக் கழற்ற கிரைண்டர்தான் கதி. எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு நேராகத் துளை போடச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டு, ஒவ்வொரு சர்வீஸுக்கும் தகட்டையே இறக்கி ஏற்றும் வண்டிகள் எங்களிடம் வருகின்றன. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை தகட்டைக் கழற்றிச் சேற்றைக் கழுவுங்கள். சைலன்சருக்குக் கீழே தகடு வந்தால், கோடையில் காய்ந்த புல் அதன் மேல் சேர்ந்து தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

பதில் 3: மலைநாட்டு ஜீப்

தம்பி, நாற்பது ஆண்டுகளாக இதே மாதிரியான பாதையில் பழைய மஹிந்திரா ஜீப்பை ஓட்டிவருகிறேன். பாறையை இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் விட்டுத் தாண்ட நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பாறை உறுதியாக இருந்தால் சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றுங்கள்; வயிறும் கூடவே உயரும். முன் ஆக்சிலின் குடம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று ஒருமுறை படுத்துப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 4எல்-இல் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு, ஊர்ந்து போனால் போதும், விரைந்து போனால் சிறு கல்லும் சம்மட்டியாகிவிடும். எங்கள் பாதையில் இடிக்கும் இடங்கள் மொத்தம் ஐந்தோ ஆறோதான் இருந்தன. இரண்டு ஆட்களைக் கூட்டிப்போய், கடப்பாரையால் சிலவற்றைப் பெயர்த்து, பெயராதவற்றுக்கு முன்னும் பின்னும் கல் அடுக்கிச் சாய்வாக்கினோம். ஒரு நாள் கூலியோடு முடிந்தது.

காப்பித்தோட்டம்

மூவருக்கும் நன்றி. நடுவில் 4 மி.மீ. இரும்புத் தகடும் ஆக்சில் கவசங்களும் மட்டும் போடுவது, சஸ்பென்ஷனைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு பாதைக்குப் போகிறோம். ஒரே ஒரு ஐயம்: தகட்டையும் மீறி எஞ்சினின் ஆயில் சேம்பர் (எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) உடைந்துவிட்டால் என்ன செய்வது?

பட்டறைவாசி

எண்ணெய் விளக்கு எரிந்தாலும், தரையில் எண்ணெய்த் தடம் தெரிந்தாலும், அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். வீடு அரைக் கிலோமீட்டர்தானே என்று மறுபடி முடுக்க வேண்டாம். சேம்பரை மாற்றுவது சிறு செலவு, எண்ணெயின்றி ஓடி இறுகிப்போன எஞ்சின் பெருஞ்செலவு. அதன்பின் ஓட்டியதால் விளைந்த சேதத்தைத் தொடர் இழப்பு என்று சொல்லி, வழக்கமான காப்பீட்டில் ஏற்க மறுத்துவிடுவார்கள். வண்டியில் எப்போதும் ஓர் இழுவைக் கயிறு இருக்கட்டும்.