ஜந்தர் மந்தர்ல இருந்து 1734க்கு போற சிறுவர் கதை: மந்திரத்துக்கு ஒரு ரூல் வேணும்

கதைசொல்லி_அப்பா:
பொண்ணுக்கும் (9 வயசு) அவ சித்தி பையனுக்கும் ராத்திரில ஒரு தொடர்கதை சொல்லிட்டு இருக்கேன், இப்ப எழுதி வைக்கலாம்னு ஆசை. சென்னைல இருந்து டூர் போன ரெண்டு பசங்க ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர்ல (வானத்தை அளக்க கல்லுல பெரிய பெரிய கருவிங்க கட்டி வச்ச பழைய இடம்) ஒரு மந்திரக் கல்லைத் தொட்டு சவாய் ஜெய்சிங் ராஜா காலத்துல, 1734ல போய் விழறாங்க, அங்க ஒரு ஜோசியர்தான் வில்லன், அவர்கிட்ட மாட்டுன யானைக்குட்டிய காப்பாத்திட்டு திரும்பணும். ஆனா இதுங்க கேள்வி கேட்டே கொல்லுதுங்க. "நேத்து அந்த கல்லைத் தொட்டவங்க ஏன் போகல?" "எப்ப வேணா திரும்பலாம்னா அப்புறம் என்ன பயம்?" மந்திரம்னு சொன்னா போங்காட்டமாம். ஜெய்ப்பூர்ல சுவர் பூரா ஜன்னலா இருக்கற அரண்மனை ஹவா மஹால், அதோட ஜன்னல்ல ஒளியற சீன் மட்டும் செமயா வந்திருக்கு. ஐடியா குடுங்க.

நிழல்பைத்தியம்:
கல்லை விட்டுடுங்க சார், அங்க இருக்கற சாம்ராட் யந்திரமே போதும். கல்லுல கட்டுனதுல உலகத்துலயே பெரிய சூரியக் கடிகாரம், 27 மீட்டர் உயரம், நிழல் செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும், நின்னு பாத்தா கண்ணுக்கே தெரியும். அது காட்டறது ஜெய்ப்பூரோட சொந்த நேரம், நம்ம வாட்ச் காட்டறது 82.5 டிகிரி தீர்க்கரேகைய வச்ச இந்திய நேரம். ஜெய்ப்பூர் அதுக்கு மேற்க தள்ளி இருக்கறதால சராசரியா 27 நிமிஷம் வித்தியாசம் வரும் (சென்னைல 9 நிமிஷம்தான்). அந்த இடைவெளிதான் உங்க கதவு. வாட்ச்ல 12 அடிச்சா திறக்கும், நிழல் 12ஐ தொட்டா மூடும், அதுக்குள்ள திரும்பலன்னா அவ்ளோதான். இன்னொண்ணு, இந்த இடைவெளி வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்காது, நவம்பர் ஆரம்பத்துல 10 நிமிஷம் சொச்சம், பிப்ரவரி நடுவுல 40 நிமிஷம் கிட்ட. மேகம் மூடுனா நிழலே கிடையாது, கதவும் கிடையாது. எப்ப வேணா திரும்பலாம்ங்கற பேச்சுக்கே இடமில்ல பாருங்க.

ராதா டீச்சர்:
ஹவா மஹால் சீன் ஆகாதுங்க, அது 1799ல தான் கட்டுனாங்க. ஊருக்கு பிங்க் அடிச்சதும் 1876ல, வேல்ஸ் இளவரசர் வர்றாருன்னு. தூக்கிப் போடாதீங்க, திருப்பிப் போடுங்க! பசங்க வெளிய ஓடி வந்து பாக்கறாங்க, காலைல செல்ஃபி எடுத்த ஹவா மஹாலையே காணோம், ஊர் பிங்க்காவும் இல்ல, அப்பதான் வயித்தக் கலக்கணும். யாரும் வந்து "இது 1734"னு சொல்லத் தேவையே இல்ல. ஊரை ஆரம்பிச்சதே 1727ல, அதனால எங்க பாத்தாலும் புதுச் சுண்ணாம்பும் பாதி கட்டுன சுவருமா வைக்கலாம், ஒளியறதுக்கும் தோது. வில்லன் ஜோசியரா இருக்கறதுதான் எனக்கு இடிக்குது. ஜெய்சிங்கே வானத்தை அளந்து அட்டவணை போட வச்ச ஆளு, அஞ்சு ஊர்ல இது மாதிரி கட்டுனவரு. அளவை திருத்தி ராஜாவை ஏமாத்தற ஆள்னு மாத்துங்க, அப்ப பசங்களோட வாட்சே அவனுக்கு ஆபத்து.

பொடிமட்டை:
27ஐ கவனிச்சீங்களா யாராவது? 27 நிமிஷம், 27 மீட்டர், அந்த யந்திரத்தோட சாய்வும் கிட்டத்தட்ட 27 டிகிரி (ஜெய்ப்பூர் அட்சரேகை அதான்), நட்சத்திரம் 27. பாகவதத்துல ககுத்மி ராஜா பொண்ணு ரேவதிக்கு மாப்பிள்ளை கேக்க பிரம்மலோகம் போயி, அங்க பாட்டு முடியற வரைக்கும் காத்திருந்த நேரத்துல பூமியில 27 சதுர்யுகம் ஓடிப்போச்சு. நம்ம ஆளுங்க அப்பவே டைம் டிராவல் எழுதிட்டாங்க, வரன் பாக்கப் போய் மாட்டிக்கிட்ட கதையா. மந்திர வாசகம் தேடாதீங்க, 27 நட்சத்திரப் பேரையும் வரிசையா தப்பில்லாம சொன்னாதான் கதவுன்னு வைங்க, மத்தவங்க ஏன் போகலங்கற கேள்விக்கும் பதில் ஆச்சு, புள்ளைங்களும் அஸ்வினி பரணி மனப்பாடம் பண்ணிடும் 😄

கதைசொல்லி_அப்பா:
அய்யோ சூப்பர்ங்க எல்லாரும். நேத்தே சொல்லிப் பாத்தேன், பையன் பூரட்டாதிகிட்ட சிக்கிக்கிட்டான், அதையே கதையில வச்சுட்டேன். ஆனா யானைக்குட்டிய ராத்திரில தானே கடத்தணும், அப்ப நிழல் இருக்காதே?

நிழல்பைத்தியம்:
அதுக்கு ஜெய் பிரகாஷ் யந்திரம் இருக்கு. தரைக்குள்ள பதிச்ச ரெண்டு பெரிய பளிங்குக் கிண்ணம், ஒண்ணுல கல் இருக்கற இடத்துல இன்னொண்ணுல பள்ளம், பள்ளத்துக்குள்ள ஆள் இறங்கி நின்னு மேல கட்டுன கம்பியோட நட்சத்திரத்தை நேர் பாக்கலாம். இதுல இறங்கி அதுல ஏற வைங்க. குட்டி அந்த பள்ளத்துல நுழையுமான்னு மட்டும் உங்க பொண்ணு கேப்பா, அதுக்கு இப்பவே ரெடியா இருங்க.