ஐஸை விட்ட பிறகு வரும் வாரங்கள்

கொட்டாஞ்சேனை, ஆலோசனை ஆசிரியை:

பதின்ம வயதினரின் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது, பிள்ளை எப்படிப் பழகினான் என்பதிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். விட்ட பிறகு வரும் முதல் வாரங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை, என்னிடம் வந்த சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவனின் வீட்டில் கண்டேன்.

ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் மூளையில் உற்சாக உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற இரசாயனத்தைப் பெருமளவில் சுரக்கச் செய்வதால், பாவிக்கும் நாட்களில் பிள்ளைக்கு உறக்கமும் இல்லை, பசியும் இல்லை. விட்டதும் எல்லாம் தலைகீழாகிறது: ஓயாத தூக்கம், அடங்காத பசி, எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு. தகப்பனார் இதைத் திமிர் என்று எண்ணி, அதிகாலையிலேயே அவனை எழுப்பி டியூஷனுக்குத் துரத்தினார். "மிஸ், ஐஸ் பாவிச்ச காலத்தில கூட இவன் இப்பிடி அழேல்ல" என்று தாயார் சொன்னபோது நான் பதறிப்போனேன்; இந்தக் கட்டத்தில் தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடும். அவனிடம் தனியாக, நேரடியாகவே கேட்டேன். ஆம் என்றான். அன்றே பெற்றோருடன் அரசாங்க மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்குச் சென்றோம்.

ஐஸ் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து எதுவும் இல்லை என்பதை மருத்துவர் தகப்பனாருக்குப் பொறுமையாக விளக்கினார். எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சை, குடும்பத்தோடு சேர்ந்த ஆலோசனை, ஒழுங்கான உறக்கம், மீண்டும் இழுக்கும் நண்பர்களையும் இடங்களையும் தவிர்க்கப் பழகுதல் ஆகியவற்றில்தான் சிகிச்சை தங்கியிருக்கிறது. தகப்பனார் டியூஷனை நிறுத்தினார். மாலைகளில் மகனோடு காலிமுகத்திடலில் நடக்கத் தொடங்கினார். அவனைப் பாடசாலையிலிருந்து விலக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. நான் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன்: பாடசாலையை இழந்த பிள்ளைக்கு மிஞ்சுவது ஐஸ் கொடுத்த கூட்டம் மட்டுமே.

வெள்ளவத்தை, ஒரு பெரியம்மா:

மிஸ், என் பெறாமகள் பாவித்தது நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின் குளிசைகள். மருந்துதானே, ஆபத்தில்லை என்று தோழி சொல்லியிருக்கிறாள். கண்டுபிடித்த அன்றே தங்கை அனைத்தையும் குப்பையில் கொட்ட முனைந்தாள். நீண்ட நாள் பாவித்ததைத் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம் என்று மருத்துவர் எச்சரித்து, அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். எங்கு தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தையோ, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையோ அழைக்கலாம்.

அவள் அடுத்த தவணை பாடசாலைக்குத் திரும்புகிறாள். வகுப்பாசிரியரிடம் எவ்வளவு சொல்வது, எதை அவளுடைய சம்மதமின்றிச் சொல்லக்கூடாது என்பதில் உங்கள் ஆலோசனை எங்களுக்குத் தேவை.