சிஎஃப்-18 சுக்கான்களில் தேங்கும் நீரும் வெப்பப்படக் கருவியும்

கனடா விமானப்படையின் சிஎஃப்-18 போர் விமானங்களில் சுக்கான் பரிசோதனை வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சுக்கான் என்பது வாலின் செங்குத்துப் பகுதியில் பக்கவாட்டில் திரும்பி விமானத்தைத் திருப்பும் பலகை. அதற்குள் இருப்பவை மெல்லிய அலுமினியத் தகட்டாலான தேன்கூட்டு அறைகள்; இருபுறமும் கார்பன் இழைத் தகடுகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். விளிம்புகளின் வழியே கசியும் ஈரம் அறைகளில் தேங்கி, நாளடைவில் பசையின் பிடிப்பைத் தளர்த்திவிடும். அப்படித் தளர்ந்த சுக்கான்கள் பறக்கும்போதே பிய்ந்துபோனதும் உண்டு.

நாணயத்தால் தட்டி ஓசையைக் கேட்பது ஒட்டு விட்டுப்போன இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிடிப்பு கெடுவதற்கு முன்பே தேங்கி நிற்கும் நீரைக் காட்டாது. அங்கேதான் பரப்பின் வெப்பநிலையைப் படமாகக் காட்டும் அகச்சிவப்புக் கருவி கைகொடுக்கிறது. கருவியின் விலையைவிட, பார்க்கும் நேரம் முக்கியம் என்பது என் கருத்து. உயரத்தில் உறைந்துபோன நீர், வெப்பமூட்டப்பட்ட விமானக் கொட்டகைக்குள் விமானம் வந்ததும் உருகத் தொடங்கும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் தேவைப்படுவதால், சுற்றிலும் சூடேறிய பிறகும் அந்த இடம் மட்டும் 0 டிகிரியை ஒட்டியே நின்று, திரையில் கறுந்திட்டாகத் தெரியும். முன்பு பழுதுபார்த்தபோது பசை மிகுதியாக நிரம்பிய இடமும் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், புதியவர்கள் அதையும் நீர் என்றே குறித்துவிடுவார்கள். ஆனால் பசை 0 டிகிரியில் தயங்கி நிற்பதில்லை. ஒரே படத்தை நம்பாமல் வரிசையாகப் படமெடுத்து ஒப்பிடச் சொல்வது இதனால்தான்.

வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் நம் உடல் வெப்பமே பிரதிபலித்து, பழுதுபோல மயக்கும்; ஓரடி விலகி நின்றால் அந்தத் திட்டும் கூடவே நகர்வதைக் காணலாம்.

சுக்கான் செங்குத்தாக நிற்பதால், அறைகள் கிடைமட்டமாக அமைந்து, நீர் இருபுறத் தகடுகளையும் தொட்டுக்கொண்டிருக்கும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடிப்புகள் (ஃபிளாப்) போன்ற கிடைப்பகுதிகளில் நீர் கீழ்த்தகட்டில் இறங்கிவிடுமாதலால், மேலிருந்து எடுத்த படம் சுத்தமாக இருந்தாலும் கீழே குனிந்து பார்த்தே ஆக வேண்டும். நீரை முற்றிலும் உலர்த்தாமல் பசையை இறுகச் செய்யச் சூடேற்றினால், உள்ளே உருவாகும் நீராவியின் அழுத்தம் நல்ல ஒட்டையும் பிரித்துவிடும். ஆகவே உலர்த்திய பிறகு மீண்டும் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் பழுதுபார்ப்பைத் தொடங்குவோம்.